இரைச்சல் நீக்கம்

முக்காலியில் ஏறி லேசர் சுழன்றபோது
எங்கள் சந்தில் காலை மணி ஏழு.
அந்தேரியில், ஆறாம் மாடியில்,
ஏசிக்குக் கீழே உட்கார்ந்து
அதைச் சுத்தம் செய்கிறவள் நான்.

தாராவி, துண்டு 214.
நாலு கோடிப் புள்ளிகள்.

மாடி ஏணி சரியாக வந்திருக்கிறது.
குடங்களின் வரிசை வந்திருக்கிறது.
செசிலியின் ஈரச் சேலை
சுவராகப் பதிந்துவிட்டது,
ஐந்தரை மீட்டர் நீளத்துக்கு.
அழித்தேன். சந்து கொஞ்சம் அகலமானது.

துணி, ஆவி, நகர்ந்த எதுவும்
இரைச்சல் என்று கணக்கு.
இட்லிக் கொப்பரைக்கு மேல் ஒரு திட்டு:
அழித்தேன்.
தோல் மூட்டையோடு நடந்த வேலாண்டி அண்ணன்
ஆறு இடத்தில் அரைகுறையாக இருந்தார்.
ஆறையும்.

தண்ணி லாரிக்காரனைத் திட்டிக்கொண்டிருந்த
இசக்கியம்மா மட்டும் முழுசாக.
வாய்தான் அசைந்திருக்கும்,
ஓங்கிய கை ஓங்கியபடி.
மென்பொருள் பெயர் வைத்திருக்கிறது: தூண்.

புள்ளி வைத்தால் மெய்,
எடுத்தால் உயிர்மெய்.
மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில்
அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.
இங்கே எடுக்க எடுக்க
சிமெண்டும் தகரமும்தான் மிஞ்சுகிறது.

இதன் மேல்தான் புதுக் கட்டடம் வரைவார்களாம்.
நடுவில் ஒரு 'பாரம்பரிய முற்றம்',
அதில் தொடுதிரை,
தொட்டால் எங்கள் பேச்சு கேட்குமாம்.

"முடிந்ததா?" என்றார் குல்கர்ணி.
முடிந்தது என்றேன்.

தூணைத் தொடவில்லை.
இருபத்திரண்டு மாடியிலும்
யாரோ ஒருவர்
அதைச் சுற்றித்தான் வழி விட வேண்டும்.