கயிறு அறுந்த இடம்

ஆண்டவரே,
நான் கேட்டது தெளிவாகத்தான் இருந்தது.
முழங்காலில் நின்று,
அதிதூதர் மிக்கேலுக்குத் தனியாக ஒரு மெழுகுவர்த்தி கொளுத்தி,
சிலோயேயின் மழை கூரைப் பலகையில் அடிக்கும் சத்தத்துக்கு மேலாக
உரக்கவே கேட்டேன்:
படகுத்துறை எங்கள் கரையிலேயே இருக்கட்டும்,
இறங்குகிறவர்கள் குளிரில் நடுங்கி
என் ரொட்டியை வாங்கட்டும்.

அந்த வசந்தத்தில் அரசாங்கம் துறையை
அடுத்த தீவுக்கு மாற்றியது.
ஒரே ஒரு காகிதம்.
முத்திரை கோணலாக விழுந்திருந்தது.

சரி என்று
வேறொரு வேண்டுதல் தயாரித்தேன்.
இந்த விஷயத்தில் நான் சிக்கனக்காரி,
பழைய கம்பளியைப் பிரித்துத்தான் புதிதைப் பின்னுவேன்.
துறை வராவிட்டால் வீடு போகட்டும்.
புதுத் துறைக்கு நாற்பது அடி தள்ளி
பல்தாசார் கினேயோவின் நிலத்தில் ஒரு மூலை.
பேசி முடித்து, முன்பணமும் கொடுத்தாயிற்று.

இங்கே வீடுகள் நகரும்.
தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், உமக்கல்ல.
கதவைக் கழற்றி, கண்ணாடியைக் கழற்றி,
அடுப்பை வெளியே தூக்கி வைத்து,
உருளைக் கட்டைமேல் ஏற்றிப்
பதினெட்டு ஜோடி எருதுகள் பூட்டினால்
பலகை வீடு முனகிக்கொண்டே கடலுக்குள் இறங்கும்.
பீப்பாய்கள் தாங்கும். படகுகள் இழுக்கும்.
ஊர் முழுக்க வரும், கூலி கேட்காது.
வயிறார ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும்,
மாலையில் ஆப்பிள் கள்ளும்,
அவ்வளவுதான் கணக்கு.

நடுக் கால்வாயில் ஓதம் திரும்பியது.
எர்மோகெனெஸ் ரெமோல்கோய்
முப்பது வருடம் இந்த நீரில் படகோட்டியவர்.
அவர் கணக்கைவிட அரை மணி முந்திவிட்டது.
கயிறு அறுந்தது.
பெரிய சத்தமில்லை,
ஆடிக்கொண்டிருந்த பல் விழுவது போல.
என் வீடு
சமையலறை முன்னே, படுக்கையறை பின்னே,
தானாகத் திரும்பி
யாரும் பேசி முடிக்காத ஒரு திசையில் போனது.

பின்னால் வந்த படகில் நின்று
உம்மை என்னவெல்லாம் சொன்னேன் என்பதைப்
பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன்.
குருவானவர் சிரித்தார்.
சிரித்திருக்கக் கூடாது.

தட்டி நின்ற இடம்
பெயர்கூட இல்லாத ஒரு சிறு குடா.
நிலம் தோரிபியா மான்சில்யாவுடையது.
தனியாள், வாத்து வளர்ப்பவள்.
சேற்றில் பூட்ஸோடு வந்து
என் வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.
"இது இங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும்" என்றாள்,
வழிதவறி வந்த ஆட்டைப் பற்றிச் சொல்வது போல.
பிறகு,
"சாப்பிட்டாயா?"

நான் கேட்டது இதுவல்ல.
இங்கே படகு வாரம் ஒருமுறைதான்.
ரொட்டி வாங்க மொத்தம் பதினொரு வீடுகள்,
அதில் ஒன்று எப்போதும் கடன் சொல்லும்.
பல்தாசாரிடம் முன்பணம் போனது போனதுதான்.
அதைப் பற்றி உம்மிடம்
இன்னும் பேச வேண்டியிருக்கிறது.

ஆனால் ஒன்று.
பழைய இடத்தில் என் சமையலறை ஜன்னல்
மேற்கைப் பார்த்திருந்தது.
இருபத்தாறு வருடம் இருட்டில் மாவு பிசைந்தேன்,
விளக்குக்கு ஆகும் செலவை முணுமுணுத்தபடி.
வீட்டைத் திருப்பி வைக்க எருதுகள் வந்தபோது
வேண்டாம் என்றவள் தோரிபியாதான்.

இன்று காலை
கால்வாய்க்கு அப்பால் மலைகளின் பின்னிருந்து
வெளிச்சம் வந்து மாவின்மேல் விழுந்தது.
என் விரல் தடங்கள் தெரிந்தன.
சுவரும் தரையும் சேராத மூலையில் ஒரு விரிசலும் தெரிந்தது.
பலகை வைத்து அடைக்க வேண்டும்.

இனி எதையும் கேட்கமாட்டேன் என்று சொன்னால் பொய்.
நாளைக்கே விறகு காய வேண்டும் என்று கேட்பேன்.
இடம், நாள், அளவு எல்லாம் குறித்துத்தான் கேட்பேன்,
என் பழக்கம் அப்படி.
நீர் உம் பழக்கப்படி செய்யும்.
மாவு உப்பும்வரை
நான் இங்கேதான் உட்கார்ந்திருப்பேன்.

அறுந்த கயிற்றின் என் பக்கத்து முனை
இன்னும் கதவருகே தொங்குகிறது.
வாத்துப் படலைக் கட்ட எடுத்துக்கொள்ளவா
என்று தோரிபியா கேட்டாள்.
எடுத்துக்கொள் என்றேன்.