நாலரை மணிச் சாவி

இராத்திரி முழுக்கப் புரசைவாக்கம் நெடுஞ்சாலையைப்
பெருக்கி முடித்து வருகிறவர்கள் ஏழு பேர்.
அவர்களில் யாதம்மாவுக்குச் சர்க்கரை.
அடக்க முடியாது.
அதைச் சொல்ல அவளுக்குத் தமிழ் போதவில்லை,
எனக்குத் தெலுங்கு வராது.
ஆலய கேட்டைப் பிடித்துக்கொண்டு
அவள் நின்ற விதம் போதுமாயிருந்தது.

நான் இங்கே கோயில்பிள்ளை.
மணியடிப்பது, பெஞ்சு துடைப்பது,
கல்யாணத்துக்குக் கம்பளம் விரிப்பது.
பக்கவாட்டுக் கழிவறையின் சாவி
ஒன்பது சாவிகளில் ஒன்றாக
என் இடுப்பில் தொங்குகிறது.
திறந்தேன்.
அவ்வளவுதான் நான் செய்தது.

மூன்றாம் ஞாயிறு கமிட்டி கூடியது.
தண்ணீர் லாரி என்ன விலை தெரியுமா, என்றார் பொருளாளர்.
டைல்ஸ் போட்டவர் பெயர் சுவரில் இருக்கிறது,
அவர் மகன் வந்து பார்த்தால்? என்றார் செயலர் அதிசயம் ஐயா.
ஒருவர் மட்டும் கனிவாகக் கேட்டார்:
கைப்பிரதியாவது கொடுத்து அனுப்புகிறாயா?
அதே வாரம் எதிர் டீக்கடையில் ஒருத்தர்
கிளாஸைக் கீழே வைக்காமல் கேட்டார்:
இதுவரைக்கும் எத்தனை பேரை மதம் மாத்தினே?
இரண்டு பேருக்கும் என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது.
சோப்பு தீர்ந்துபோச்சுங்க,
வாங்கத்தான் போறேன்.

வீட்டில் சலோமி சோற்றைத் தட்டில் கொட்டினாள்.
ஊர் உனக்கு நல்லவன் பட்டம் கொடுக்கும்,
வாடகையில்லாத இந்த ரூமை யார் கொடுப்பா?
அவள் கேட்டதில் தப்பில்லை.
பட்டம் எனக்குப் பிடித்துமிருந்தது.
முதல் வாரம் பூட்டில் சாவியைத் திருப்பும்போது
யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தேன்.
பிறகு எல்லாரும் பார்க்க ஆரம்பித்தார்கள்.
பார்க்காமலிருந்தால் தேவலையே என்றிருந்தது.

பெரிய வியாழன் ஆராதனை.
ஆயர் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவினார்.
வீட்டிலேயே தேய்த்துக் கழுவி
நகம் வெட்டிக்கொண்டு வந்த கால்கள்.
தொட்டியைப் பிடித்தவன் நான்.
தண்ணீர் கலங்கவேயில்லை.
வேப்பமரத்தடியில் அதைக் கொட்டும்போது,
அந்த மேல்வீட்டில், அந்த இராத்திரி,
அவர் கையிலிருந்த தண்ணீர்
என்ன நிறத்தில் இருந்திருக்கும் என்று நினைத்தேன்.

ஈஸ்டர் முடிந்த புதன்கிழமை
கழிவறைக்குப் புதுப் பூட்டு வந்தது.
சாவி அதிசயம் ஐயாவின் ஸ்கூட்டரில்
அண்ணா நகருக்குப் போய்விட்டது.
நான் ஒரு வார்த்தை பேசவில்லை.
பேசியிருக்கலாம்.
சம்பளம் ஒன்பதாயிரம் என்பது
நாக்கில் வைக்கிற கல் மாதிரி.

மறுநாள் நாலரைக்குத் தள்ளுவண்டிச் சக்கரம் கேட்டது.
கல்லை யார் புரட்டுவார் என்று பேசிக்கொண்டே
விடியுமுன் நடந்த பெண்களை நினைத்தேன்.
அவர்கள் போனபோது கல் புரண்டிருந்தது.
இவர்கள் வந்தபோது பூட்டு அப்படியே இருந்தது.
பின்பக்கம் எங்கள் குளியலறைக்குத் தகரக் கதவு ஒன்று,
ஒரு குண்டு பல்பு,
பாதிக் குடம் தண்ணீர்.
சலோமி போர்வைக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

யாதம்மா வெளியே வந்தபோது கோபமாயிருந்தாள்.
தாழ்ப்பாளை ஆட்டிக் காட்டி,
இதேம் தலுபய்யா, என்றாள்.
எனக்குச் சுருக்கென்றது.
இத்தனை ஏச்சும் வாங்கி,
கடைசியில் உன்னிடமுமா?

அன்றைக்குப் பூராவும் மனசு ஆறவில்லை.
சாயங்காலம் பெஞ்சு துடைக்கும்போது தோன்றியது.
குணமான பத்துப் பேரில்
திரும்பி வந்து நன்றி சொன்னவன் ஒருத்தன்.
வராமல் போன ஒன்பது பேருக்கும்
தோல் மறுபடி வெடித்ததாக
எங்கேயும் எழுதியில்லை.
அவர்கள் எங்கே என்று கேட்டார்,
கொடுத்ததைத் திருப்பிக் கேட்கவில்லை.
துணியை உதறிவிட்டு
வெள்ளாளர் தெரு ஹார்டுவேர் கடைக்குப் போனேன்.
தாழ்ப்பாள் நாற்பத்தைந்து ரூபாய்,
திருகாணி தனி.

இராத்திரி பத்தரைக்கு, தகரத்தில் ஓட்டை போட்டு
மூன்றாம் திருகாணியை முறுக்குகிறேன்.
சத்தத்தில் சலோமி எழுந்து வந்தாள்.
அதிசயம் ஐயாவுக்கு இதுவும் தெரியவரும்.
தெரியட்டும் என்று சொல்ல
எனக்கு இன்னும் தைரியமில்லை,
முறுக்குவதற்கு இருக்கிறது.

கோணலா வைக்கிறே, என்றாள் சலோமி,
டார்ச்சைப் பிடித்தபடி.