கைக்கு அடங்காத தலை

நாற்பது வருஷமாக ஊர்ப் பிள்ளைகளின் தலையை
வெந்நீரில் உருட்டி எடுத்தவள் செல்லக்கண்ணு.
கோணலை வட்டமாக்கி, சப்பை மூக்கைக் கிள்ளி நிமிர்த்தி,
சாம்பிராணி காட்டித் தருவாள்.
பதினேழாம் நாள்
எங்கள் பிள்ளையைக் காலில் கிடத்தியவள்
சொம்பைக் கீழே வைத்தாள்.
"உச்சிக்குழியே இல்லையே தம்பி.
இது என் கைக்கு அடங்காது,
ஆஸ்பத்திரிக்குப் போ."

கிரகணத்தில் காய் நறுக்கினாளாம்.
சொந்தத்தில் கட்டினோமாம்.
நாங்கள் சொந்தமில்லை.
அந்த வருஷக் கிரகணத்துக்கு இளவரசி
தலைவலியோடு தூங்கிக்கொண்டிருந்தாள்.
சித்திரை வெயிலிலும் பிள்ளைக்குக் குல்லா போட்டாள்.
நேராக நின்று எடுத்த போட்டோவில் ஒன்றும் தெரியாது.
பக்கவாட்டில் தெரியும்,
தோணி போல நீண்டு.

பாண்டிச்சேரியில் டாக்டரம்மா
ஓ.பி. சீட்டின் பின்னால் வட்டம் போட்டு
உள்ளே கோடுகள் இழுத்தார்.
பிறக்கும்போது மண்டையோட்டு எலும்புகள் ஒட்டியிருக்காது,
மூளை வளர வளர வழிவிடும்.
இவளுக்கு நடுக்கோடு மட்டும்
வயிற்றிலேயே மூடிக்கொண்டுவிட்டது.

நான் பொதுப்பணித்துறை லஸ்கர்,
மண்ணியாற்றில் ஷட்டர் திருப்புகிறவன்.
மூடின கதவுக்கு முன்னால்
தண்ணீர் என்ன செய்யும் என்று தெரியும்.
டாக்டரம்மா ஆறு என்று சொல்லவில்லை,
எலும்பு என்றுதான் சொன்னார்.
எனக்கு அப்படித்தான் புரிந்தது.

பதினெட்டாம் பெருக்குக்கு மறுநாள் ஆபரேஷன்.
கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு.
நாலாவது மணி நேரத்தில் போன்:
"கடைமடைக்குத் தண்ணி எட்டலேன்னு
ரோட்ல உக்காந்துட்டாங்க,
ஷட்டர் சாவிய எங்கய்யா வச்சே?"
"ஷெட்டுல. வலது பக்க ஆணி."
சொல்லிவிட்டுத்தான் அழுதேன்.

தை மாதம் வைத்தீஸ்வரன் கோயிலில் முடியிறக்கினோம்.
பெயர் தையல்நாயகி.
நேர்ந்துகொண்டு முன்பே வைத்தது,
தையலை எண்ணிவிட்டு வைத்தோம் என்று
ஊரில் இப்போதும் சிரிக்கிறார்கள்.
காதோரம் வந்த கத்தி நின்றது.
அங்கிருந்து அந்தக் காதுவரை
வளைந்து வளைந்து போகும் தழும்பு.
"இந்த எடத்துல முடி மொளைக்காதுங்களே."
"தெரியும்."
அவர் கத்தியை வைத்துவிட்டு
கட்டைவிரலால் ஒருமுறை முழுக்க நடந்து பார்த்தார்.
பிறகு எதுவும் கேட்கவில்லை.
சந்தனத்தைக் கொஞ்சம் தாராளமாகவே அப்பினார்.

பஸ் சீர்காழி தாண்டும் முன்
சந்தனம் காய்ந்து வெடிக்கத் தொடங்கியது.
சரியாக உச்சியில்,
முன்னிருந்து பின்னாக
ஒரு கோடு.
நான் இளவரசியைப் பார்த்தேன்,
அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.
பிள்ளை கையைத் தூக்கி
ஒரு சில்லைப் பெயர்த்தாள்,
வாயில் போட்டாள்,
கசந்ததும் என் சட்டையில் துப்பினாள்.