ஐந்தாம் காம்பராவின் வாளி

கோயிலுக்குப் பூசி முடித்த பெயிண்டின் காலி வாளி.
அடியில் ஓட்டை போட வேண்டும்.
கவ்வாத்துக் கத்தியை அடுப்பில் காய்ச்சி
அருளப்பன் குத்தினான்.
பிளாஸ்டிக் நாறியது ஏழு காம்பராவுக்கும்.
எங்கள் சுவர்கள் கூரையைத் தொடுவதில்லை;
இருமல் போய்வரும் வழியில்
புகையும் போய்வந்தது.

“என்னா எரியுது?”
ஆறாவதிலிருந்து மரகதவல்லி.
“ஒண்ணுமில்லக்கா, தோட்டம் போடுறோம்.”
சிரித்தாள், சிரிப்பு இருமலில் முடிந்தது.

நோர்வூட் சந்தையில் வாங்கிய தக்காளி நாற்று
ஒரு சாண்கூட இல்லை.
வேர் உள்ளே, தலை வெளியே.
கிழிந்த மெத்தையின் ஸ்பொஞ்சைக்
கழுத்தைச் சுற்றிச் செருகினேன்,
பனிக்காலத்தில் பிள்ளைக்குக் காது மூடுவதுபோல.

பிறகு மண். மண்தான் சிரமம்.
தேயிலைத் தூரின் மண் கம்பனியுடையது.
பீலிக்கரை மண் சவர்க்காரம் குடித்தது.
மழை இடித்து ரோட்டில் தள்ளியதை
இருட்டியபின் அள்ளினோம்.
அது யாருடையதென்று
மழையிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

இஸ்தோப்பு வளையில் கம்பி கட்டித் தொங்கவிட்டோம்.
வௌவால் மாதிரி, என்றான் அவன்.
பிறக்கப்போகும் பிள்ளையின் தலைபோல
எனக்குத் தோன்றியது.
சொல்லவில்லை.

நான்காம் நாள்
தண்டு கொக்கியாய் வளைந்து
மேலே பார்த்தது.
விரலால் கீழே இழுத்துவிட்டுப்
பெரட்டுக்குப் போவேன்.
பதினெட்டுக் கிலோ சுமந்த முதுகோடு
திரும்பி வந்தால்
மறுபடி நிமிர்ந்திருக்கும்.
கூடையை இறக்காமல்
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

மரகதவல்லிக்கு வேறு கவலை.
வாளி சொட்டி, காற்று திருப்பி,
மகனின் பள்ளிச் சட்டையில் செம்மண் பொட்டுகள்.
இரண்டு நாள் பேச்சில்லை.
மூன்றாம் நாள்
சொட்டும் இடத்தில் ஓட்டைச் சட்டி ஒன்று வைத்தாள்.
அதற்குள் வல்லாரை.
அப்போதும் பேசவில்லை.

அருளப்பனுக்கு ஆசை பிடித்துவிட்டது.
மிளகாய்க்கு ஒரு வாளி, போஞ்சிக்கு ஒன்று.
மிளகாய் ஒப்புக்கொண்டது.
போஞ்சி கம்பியைப் பிடித்து ஏறி
வாளியையே சுற்றிக்கொண்டு
தகரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.
அதைத் தலைகீழாக்க
யாராலும் முடியாது.

ஃபீல்ட் ஐயா வந்தார், கையில் கொப்பி.
தோட்டத்துக் காணியில் பயிர் போட்டவர்களின்
பெயர் எழுதுகிறாராம்.
கீழே பார்த்தார்: சிமெந்து.
மேலே பார்த்தார்: கம்பனித் தகரம்.
நடுவில் தொங்குவதைப் பார்த்தார்.
பேனையும் கொஞ்ச நேரம்
அந்தரத்தில் நின்றது.
“இதுல காய்க்குமா?”
“தெரியாதுங்க.”
“காய்ச்சா சொல்லு. வீட்டுல கேப்பாங்க.”

ஆனி மழை பத்து நாள் விடவில்லை.
பள்ளத்து மரக்கறிப் பாத்திகளில்
உருளைக்கிழங்கு முழுக்கக் கருகிப்போயிற்று,
மருந்தடித்தும்.
எங்களுடையது கூரைக்குள் தொங்கியதால்
நான்கு இலையோடு தப்பியது.
புத்திசாலித்தனம் இல்லை.
வேறு இடம் இல்லை, அவ்வளவுதான்.

பூத்தது. பிஞ்சு விட்டது.
பிஞ்சு கனக்கக் கனக்கத்
தண்டு தானாகத் தாழ்ந்தது.
நான் இழுத்தபோதெல்லாம் கேட்காதது.

ஆறு பழம்.
ஒன்றைக் கொண்டைக்குருவி கொத்தியது.
ஒன்று ஃபீல்ட் ஐயா வீட்டுக்கு,
சொன்ன சொல்லுக்காக.
இரண்டு குழம்பில் கரைந்தன.
ஒன்றை மலைக்குக் கொண்டுபோய்ப்
பத்து மணித் தேத்தண்ணிக்கு
ரொட்டியோடு கடித்தேன்.
சாறு முழங்கைவரை ஓடிற்று.

கடைசிப் பழத்தை
இரவு, விளக்கணைத்த பிறகு,
சுவருக்கு மேலால் எறிந்தேன்.
பிடித்த சத்தம் கேட்டது.
வெகுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு, மகனை எழுப்பி
உப்பு டப்பா எங்கே என்று
அவள் கேட்கும் குரல்.