வெறும் அறை, முப்பது விநாடி

ஷார்ஜா ரோலாவில், ஐந்தாம் மாடியில்
படுக்கையறை அலமாரியைக் காலி செய்தோம்.
புடவைகள் சூட்கேஸுக்குப் போயின,
சூட்கேஸ் கட்டிலுக்கடியில்,
அங்கிருந்த அரிசி மூட்டை
சமையலறை நடுவில் வந்து நிற்கிறது,
பஸ்ஸைத் தவறவிட்ட ஆள்போல.

முட்டை அட்டை ஒட்டினால் உதவாது என்றான் அல்போன்ஸ்.
டக்ட் வேலைக்காரன்.
காற்று நுழைகிற இடுக்கெல்லாம் அவனுக்குத் தெரியும்,
காற்றின் வாலைப் பிடித்துக்கொண்டு
ஓசை வருமாம்.
சைட்டில் மிஞ்சிய ராக்வூலை ஃபோர்மேனிடம் கேட்டு வாங்கி
மூன்று ஞாயிறு,
முழங்கைவரை அரிப்பு.
கதவு விளிம்பில் கார்க் கதவின் ரப்பர்ப் பட்டை.
அதன்மேல் இரண்டு கம்பளிகள்.
இந்த ஊரில் கம்பளி யாருக்கு என்று
வாங்கிய அன்று சண்டை போட்டிருந்தேன்.

ஜெஸ்ஸி சிஸ்டரின் மிக்ஸி போயிற்று.
மேல்மாடிப் பையனின் கோலிக்குண்டு,
லிஃப்டுக்குள் அரபியில் தளம் சொல்லும் பெண்,
தாழ இறங்கும் விமானம்கூட
எங்கேயோ யாரோ பாய் சுருட்டுவதுபோல ஆயிற்று.

ஏசி மட்டும் போகவில்லை.
ஜன்னலில் உட்கார்ந்து
நாள் முழுக்கப் புறணி பேசுகிறது.

நிறுத்தினேன். ஆகஸ்ட்.
அலமாரிக்குள் பதினோரு நிமிடம் தாங்கும்,
பன்னிரண்டாவதில் எழுத்துகள் நீந்தும்.

கட்டுமானத் தளங்களுக்கான அறிவிப்பு. தமிழ்ப் பதிவு என்னுடையது.
"தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடியுங்கள்.
தலை சுற்றினால் உடனே நிழலுக்கு வாருங்கள்."
நிதானமாக, அன்பாக, என்று ஓரத்தில் குறிப்பு.
நிதானமாக, அன்பாக வாசித்தேன்.

சென்னையிலிருந்து என்ஜினியர் கேட்டார்:
குரல் நல்லா வந்திருக்கு மேடம்,
கடைசியில ஒரு முப்பது விநாடி
பேசாம இருந்து அனுப்புங்க,
வெட்டி ஒட்ட வெறும் அறை வேணும்.

பேசாமல் இருந்தேன்.
வெளியே அல்போன்ஸ்
இருமலை விழுங்கிக்கொண்டு நின்றான்.

மறுநாள் பதில்:
உங்க வீட்டுல குழாய் ஏதும் சொட்டுதா மேடம்?

பாத்ரூம், சமையலறை, ஏசியின் வடிகுழாய்,
ஸ்பேனரோடு ஒரு மணி நேரம் தேடினான்.
எங்கும் ஒழுகவில்லை.

பிறகுதான் தாளைப் பார்த்தேன்.
'தண்ணீர்' என்ற சொல்லின்மேல்
மை ஊறி,
ஒரு நாலணா அகலத்துக்கு நீலம்.

இப்போது மடியில் துண்டு விரித்துக்கொள்கிறேன்.
துண்டில் விழுந்தால் கேட்பதில்லை.