முடி

புந்தா அரீனாஸில் காற்று கிளம்பினால்
தெருமுனைகளில் நகராட்சி கயிறு கட்டிவிடும்.
பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும்.
கயிறு எட்டாதவர்கள் எங்களிடம் வருவார்கள்.

நவம்பர். இரவு ஒன்பதரை.
வெளிச்சம் இன்னும் போன பாடில்லை.
முதலில் வந்தவள் எதெல்மிரா ஒயார்சோ,
நண்டு ஆலையில் இரவு முறைக்குப் போனவள்.
எவர் வீட்டுக் கூரையிலிருந்தோ கழன்ற தகரம்
அவள் உச்சந்தலையை உரசிவிட்டு
நீரிணைப் பக்கம் போய்விட்டதாம்.
தலைக்கு வந்தது கம்பளித் தொப்பியோடு போயிருக்கலாம்.
போகவில்லை.
நாலு விரற்கடை. எலும்பு தெரியவில்லை.
துணி வைத்து அழுத்திக்கொண்டு நின்றேன்,
சுவர்க்கடிகாரத்தில் பத்து நிமிடம்.

"சிரைப்பீர்களா?"
அவள் கேட்டது அது ஒன்றுதான்.
வலிக்குமா என்றோ, தழும்பு நிற்குமா என்றோ
கேட்கவில்லை.
இடுப்பு வரை இறங்கிய கறுப்பு.
உப்பும் நண்டு வெந்த ஆவியும் ஏறிய கறுப்பு.

டாக்டர் கலாஃபாத்திச்
நூல் பொட்டலத்தைத் தள்ளி வைத்தார்.
காயத்தின் இக்கரையில் சில இழை மயிர்,
அக்கரையில் சில இழை.
குறுக்கே இழுத்து ஒரு முறுக்கு.
ஒன்றே ஒன்று; முடிச்சு கூடாது.
முறுக்கின் மேல் நான் ஒரு சொட்டுப் பசை.
பசை வாசலோடு நிற்க வேண்டிய விருந்தாளி,
உள்ளே நுழைந்தால் சதை சேராது.
"சுடுகிறது" என்றாள்.
இறுகும்போது கொஞ்சம் சுடும் என்றேன்.
ஏழு முறுக்கு.
அவள் முடியாலேயே அவளை முடிந்து
முடிந்தது என்று கையை எடுத்தேன்.

வரவில்லை.

ஆள்காட்டி விரல் அவள் தலையோடு ஒட்டியிருந்தது.
உறை மட்டும்தான், நல்லவேளை.
டாக்டர் சிரித்துக்கொண்டே கத்தரித்தார்.
வாசலின் தடவினால் எடுத்துவிடலாம்,
பின்னால் வரிசை நிற்கிறது.
"இருக்கட்டும்" என்றாள் எதெல்மிரா.
நீல ரப்பர், நகத்தளவு.
பூ என்று நான் சொல்லப்போவதில்லை.

நடுவில் ஒரு குழந்தை, புருவத்தில் கீறல்.
கண்ணுக்குப் பக்கத்தில் பசை வேண்டாம்,
ஒட்டுப்பட்டை மூன்று.
காயத்தைவிட அழுகை நீளம்.

அடுத்தவர் தோன் நிபால்தோ மான்சியா.
பத்திரப்பதிவு அலுவலக எழுத்தர்.
திரை இடுக்கில் எல்லாம் பார்த்திருக்கிறார்.
"எனக்கும் அப்படியே செய்யுங்கள்"
என்று தொப்பியைக் கழற்றினார்.
பளபளவென்று, ஒரு மயிர் கிடையாது.
நடுவில் பிளவு. கீழே, கிழிந்த கால்சட்டைக்குள்,
முழங்காலிலும் ஒன்று.
மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும்
அந்தக் காற்று போட்ட முடிச்சு.

மடங்கி நிமிரும் இடத்தில் பசை நிற்காது.
முழங்காலுக்கு ஜிப்: இரு கரையிலும் பட்டை ஒட்டி
பல் பல்லாக இழுத்து இறுக்கினோம்.
தலைக்கு, மரத்துப்போக ஊசி போட்டபின், ஸ்டேப்ளர்.
க்ளக்.
அவர் கண்ணைத் திறந்தார்.
க்ளக்.
"இருபத்தெட்டு வருஷமாக நான் கேட்ட சத்தம்" என்றார்.
க்ளக்.
"எத்தனை பிரதி?"
டாக்டர் நிறுத்தி, சிரித்து முடித்து,
ஆறாவதை அடித்தார்.

நாலரைக்கு இரண்டாவது தேநீர்.
நூல் பொட்டலம் தொடப்படவே இல்லை
என்று குறித்துவைத்தால் பொய்யாகும்.
மேலங்கியில் ஒரு பொத்தான் தொங்கிக்கொண்டிருந்தது,
டாக்டரே எடுத்து, வளைந்த ஊசியால்,
மூன்று முடிச்சுப் போட்டுத் தைத்துக் கொடுத்தார்.

காலையில் எதெல்மிராவை அனுப்பினார்கள்.
இரண்டு நாள் தண்ணீர் படக்கூடாது.
ஒரு வாரத்துக்கு மேல் ஆனால் பசை தானே உதிரும்.
அதுவரை சீப்பு வேண்டாம்.
சீப்பு என்றபோதுதான் முகம் சுருங்கியது.

வெளியே காற்று நின்றபாடில்லை.
கயிற்றில் எனக்கு முன்னால் அவள்,
தொப்பி போட மறுத்துவிட்டாள்.
கூந்தல் ஆயிரம் பக்கம் பறக்கிறது,
நடுவில் ஏழு இடம் மட்டும் அசையவில்லை.
என் விரல்நுனி அங்கேயே இருக்கிறது.
இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்து
இருவரும் கடல்பக்கம் பார்க்காமல் நடந்தோம்.