கைக்குத் தெரிந்த வழி

தாராபுரம் பஸ் ஸ்டாண்டில் வண்டி பதினோரு நிமிஷம் நிற்கும்.
டிரைவர் சென்னியப்பண்ணன் டீக்குப் போவார்.
கடைசி சீட்டில் சாய்ந்து நான் செல்லைத் திறப்பேன்.
'இன்று மறுபார்வை: நாற்பத்தொன்று' என்னும் ஆப்.

காரோ-கான். கறுப்புக்கு.
சி சிப்பாய் ஒரு கட்டம், டி சிப்பாய் இரண்டு.
வெள்ளை முன்னால் வந்து மூச்சை அடைத்தால்
பிஷப்பை வெளியே விடு, கதவு சாத்துவதற்குள்.
சரியாக வைத்தால் பச்சை.
தப்பினால் காய் தலையை ஆட்டிக்கொண்டு
பழைய கட்டத்துக்கே போகும்,
சில்லறை இல்லையென்றதும் இறங்கிப்போகிற ஆளைப் போல.

அதன் கணக்கு முதலில் விளங்கவில்லை.
தெரிந்ததை நான்கு நாள் கழித்துக் கேட்கும்,
அப்புறம் ஒன்பது, அப்புறம் இருபத்தொன்று,
அப்புறம் இரண்டு மாசம் ஆளையே காணோம்.
தெரியாதது மட்டும்
பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா வாசலில் வந்து நிற்கும்,
கடன் கொடுத்த ஒறம்பரை மாதிரி.

மனப்பாடம் எனக்குப் புதுசில்லை.
கோவில்வழி, கொடுவாய், குண்டடம்,
ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் கட்டணம் தூக்கத்திலும் வரும்.
வந்திருக்கிறது.
"குண்டடம் எறங்கறவங்கல்லாம் முன்னால வாங்க" என்று
ஒரு ராத்திரி பூங்கொடியை எழுப்பியிருக்கிறேன்.
அவள் இறங்கவில்லை.
போர்வையை இழுத்துக்கொண்டாள்.

நூற்றுப் பன்னிரண்டு நாள் ஒரு நாள் விடவில்லை.
கொழுந்தியா கல்யாணத்தன்று
கைகழுவும் இடத்தில் நின்றபடி ஆறு நகர்த்தல்.

காங்கேயத்தில் ஞாயிற்றுக்கிழமை போட்டி.
அதுவும் கல்யாண மண்டபம்தான்.
மேடையில் போன முகூர்த்தத்து மாப்பிள்ளை பெயர்
பாதி உதிர்ந்திருந்தது.
எதிரே லோகுசாமி, தேங்காய்க் களத்துக்காரர்,
விரலிடுக்கெல்லாம் பருப்பு வாசம்.
"தம்பி எந்தூருங்க?"
"பஸ்ஸுங்க" என்றேன், பதட்டத்தில்.

ஒன்று. இரண்டு. மூன்று. பாடத்தில் உள்ளபடியே.
பிஷப் வெளியே வந்தாயிற்று.
நாலாவதுக்கு அவர் வலதோரச் சிப்பாயைத் தள்ளுவார்.
தள்ளணும்.
நானும் எதிர்ச்சிப்பாயைத் தள்ளி மறிக்கணும்,
அசந்தால் பிஷப் மாட்டும்.
இதற்காகவே எத்தனை பத்து நிமிஷம்
வாங்கிக் கட்டியிருக்கிறேன்!

அவரும் தள்ளினார். ஓரச் சிப்பாயைத்தான்.
அந்த ஓரமல்ல, இந்த ஓரம்.
ஒரே ஒரு கட்டம்.

காரணமே இல்லை அதற்கு.
காலி சீட் இருந்தும் மாறி உட்காருவார்களே, அப்படி.
கண் அதைப் பார்ப்பதற்குள் என் கை
பாடத்துச் சிப்பாயை இரண்டு கட்டம் வைத்து
கடிகாரத்தையும் அமுக்கிவிட்டது.

லோகுசாமி காயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
"இதெதுக்குங்க?" என்றார் மெல்ல.
எனக்கும் தெரியவில்லை.

கொடுவாய்க்கும் குண்டடத்துக்கும் நடுவே
தண்ணி மோட்டாரைத் தோளில் வைத்தவர்
"இங்கயே நிறுத்துங்க" என்பார்.
அந்த இடத்துக்கு ஸ்டேஜ் கிடையாது.
முந்தின கட்டணமா, அடுத்த கட்டணமா,
அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொல்லணும்.
ஐந்தாவதிலிருந்து ஒன்றே முக்கால் மணி நேரம்
அப்படித்தான் ஓட்டினேன்.

நாற்பத்து நான்கில் தோற்றேன்.
ராஜாவைச் சாய்த்த பிறகும் அந்தச் சிப்பாய்
வைத்த கட்டத்திலேயே நின்றது,
வெட்டக்கூட யாரும் வரவில்லை.

வெளியே வந்து கேட்டேன்:
"அந்த நாலாவது, ஏனுங்க?"
"எதுங்க?" என்றார் லோகுசாமி.
நிஜமாகவே ஞாபகமில்லை அவருக்கு.

திங்கட்கிழமை. கடைசி டிரிப். காற்று
வண்டியைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே வந்தது.
தாராபுரத்தில் செல்லைத் திறந்தால் அதே கட்டம்.
வெள்ளை வலதோரத்தைத் தள்ளியது, நான் மறித்தேன், பச்சை.
'இனி அறுபத்து மூன்று நாள் கழித்து.'

சென்னியப்பண்ணன் ஏறி ஹாரன் அடித்தார்.
விசில் அதுவாகவே வாய்க்கு வந்துவிட்டது.
எடுத்தேன்.
படியில் யாராவது இருக்கிறார்களா என்று
எட்டி ஒருதரம் பார்த்துவிட்டு
ஊதினேன்.